ரொட்டிக்குள் ஒரு பொம்மை

“யாரு வாயில வெச்சிருக்கீங்களோ, மரியாதையா துப்பிடுங்க!”

கிராசியேலா கத்தியை மேஜைமேல் வைத்தாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கை ஏப்ரன் பையில். ஏப்ரன் அவள் அம்மாவுடையது. அடக்கம் முடிந்த மறுநாளே, “மூத்தவ நான்தானே” என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்று ராஜாக்கள் திருநாள். அம்மா இல்லாத முதல் வருஷம். சான் அன்டோனியோவில் அம்மாவின் வீட்டில்தான் இப்போது தம்பி ரொஹேலியோ குடும்பம் இருக்கிறது. எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள்.

வளையமாகச் சுட்ட ரோஸ்கா ரொட்டிக்குள் பேக்கரிக்காரர் ஒரே ஒரு குழந்தை யேசு பொம்மையை ஒளித்து வைப்பார். யார் துண்டில் அது வருகிறதோ, அவர் பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாளன்று மொத்தக் குடும்பத்துக்கும் தன் வீட்டில் தமாலே அவித்துப் போட வேண்டும். மாவு பிசைந்து, கறி வேகவைத்து, சோள மடலில் ஒவ்வொன்றாகச் சுற்றி... முப்பது பேர் தின்கிற அளவுக்கு. இடுப்பு விட்டுப்போகும்.

அம்மா இருந்தவரை பிரச்சினையே இல்லை. வருஷா வருஷம் பொம்மை அம்மாவுக்குத்தான் வரும். “அதுக்கு வேற விலாசமே தெரியாது” என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

இந்த வருஷம் ரொட்டி கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. பொம்மையைக் காணோம்.

“பேக்கரிக்காரன் மறந்திருப்பான், விடுக்கா,” என்றான் கடைக்குட்டி எஃப்ராயின். “இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருஷம் நீ டென்வர்லேருந்து வந்துட்டுத்தான் மறுவேலை பாப்பே!” என்றான் ரொஹேலியோ. “அம்மா சாவுக்கே திரும்பிப் போற டிக்கெட்டோட வந்தவன் நீ.”

யாரும் சிரிக்கவில்லை. இந்த ஒரு தடவை விட்டால் அப்புறம் கூடவே மாட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“விடறதாவது!” என்றாள் கிராசியேலா. “நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அம்மாவோட வழக்கம் ஒண்ணுகூட நிக்கக்கூடாது. இங்க யாரோ மறைக்கிறாங்க.”

அவள் பார்வை நேராக ரொஹேலியோவின் மனைவிமேல் போய் நின்றது. நோயேமி சிகாகோவில் வளர்ந்தவள். அவள் ஸ்பானிஷ் பாதி வாக்கியத்திலேயே நொண்டும்.

“ஏன் நோயேமி, உன் துண்டைத் தூக்கிக்கிட்டு அடுக்களைக்குப் போனியே, எதுக்கு?”

“சாக்லேட் கொதிச்சுக்கிட்டிருந்தது அண்ணி. எல்லாருக்கும் ஊத்தணும். நான் எப்பதான் திங்கறது?”

“ஸ்பானிஷ்தான் நொண்டுது. வாய் நல்லாத்தான் ஓடுது.”

“அக்கா, போதும்,” என்றான் ரொஹேலியோ.

“நீ சும்மா இருடா! முப்பது பேருக்கு அவிச்சுப் போட உடம்பு வணங்கலேன்னா நேரா சொல்லிடணும். குழந்தை யேசுவைப் போய் ஒளிக்கிறதா? பாவம் இல்ல?”

பாவ புண்ணியம் கிராசியேலாவுக்கு அத்துப்படி. ஞாயிறு தவறாமல் கோவிலில் முன் வரிசை. போன மாதம்தான் புது வீட்டுக்குக் குடிபோனாள். தரை முழுக்க வெள்ளைக் கம்பளம். அடுப்பில் இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் தெறிக்கவில்லை.

நோயேமி அடுக்களைக்குள் போய், பாதி தின்று வைத்த துண்டைத் தட்டோடு எடுத்து வந்தாள். எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கடித்தாள்.

கடுக்.

வாயிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெள்ளையாக, சுண்டுவிரல் அளவில், குழந்தை யேசு.

வீடே கைதட்டியது. “அம்மாவோட அதிர்ஷ்டம் நம்ம நோயேமி அண்ணிக்கு வந்திருச்சு!” என்று கத்தினான் எஃப்ராயின்.

“கத்தினது போதும். டிக்கெட்டை இப்பவே போடு,” என்றாள் நோயேமி. “திருநாளைக்கு முதல் நாளே எல்லாரும் வந்துடணும். பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு. திங்க மட்டும் இல்ல, மடல் சுத்தவும்தான். அதுங்களும் கத்துக்கட்டும்.”

கிராசியேலா மட்டும் கைதட்டவில்லை. ஏப்ரன் பைக்குள் போன கை வெளியே வரவில்லை.

கூட்டம் அடங்கியதும் அடுக்களைக்கு வந்தாள்.

“அது... உன் துண்டுல... எப்படி?”

நோயேமி திரும்பிக்கூடப் பார்க்காமல் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உங்க பையில இருக்கிறதை நீங்களே வெச்சுக்குங்க அண்ணி. அத்தை எனக்கு ஒரு டப்பா நிறையக் குடுத்துட்டுத்தான் போனாங்க.”