கையும் டேப்புமாக

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன் மேல் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கண். அன்று காலை பார்க்கிங்குக்கு இறங்கி வந்தபோது, ஆள் கையும் டேப்புமாக அகப்பட்டான்.

செயலாளரின் காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தான்.

"என் கார்கிட்ட என்ன வேலை?"

அவன் பதறவில்லை. அதுவே செயலாளருக்குப் பிடிக்கவில்லை.

"அளவு எடுக்கறேன் சார். நான் கட்டட வரைபடம் போடற ஆபீஸ்ல இருக்கேன். கம்ப்யூட்டர்ல பார்க்கிங் வரைஞ்சா, அதுல வண்டிங்களையும் நிறுத்திக் காட்டணும். மேலேருந்து பார்த்தா எப்படித் தெரியும், அப்படித் தட்டையா. சிம்பல்னு சொல்லுவோம்."

"அது சாஃப்ட்வேர்லயே இருக்குமே?"

"இருக்கு சார். ஆனா எல்லாம் ஒரே அளவு. நிஜ வண்டி அப்படியா இருக்கு?"

பதில் சரியாகத்தான் இருந்தது. ரொம்பவும் சரியாக இருந்ததுதான் உறுத்தியது. எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று யோசிக்காதவர் குடியிருப்புக்குச் செயலாளராக இருக்க முடியுமா?

அதற்குப் பிறகு அவர் கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகத்துக்கு உரம் போட்டது. இரண்டாம் மாடி டீச்சரின் ஸ்கூட்டரை அளந்தான். கீழ்வீட்டு டாக்டரின் பெரிய வண்டியை அளந்தான். மற்றதையெல்லாம் ஒரே தடவையில் முடித்தவன், செயலாளரின் காரை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தான். அதன் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்று வாட்ச்மேனிடம் விசாரித்தானாம்.

மனைவியிடம் சொன்னார்.

"பாவங்க, அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தா நின்னு நாலு வார்த்தை பேசிட்டுத்தான் போகுது" என்றாள்.

"பல்லைக் காட்டறவனைத்தான் நம்பக்கூடாது."

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். பார்க்கிங் குலுக்கலில் அவர்களுக்கு விழுந்தது தூணை ஒட்டிய கடைக்கோடி மூலை. கார்க் கதவு பாதிதான் திறக்கும். சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் வண்டியை நடுவழியில் நிறுத்தி, பின்னால் நிற்பவர்கள் பொறுமையாகக் காத்திருக்க, அவளைத் தூக்கி உட்கார வைப்பார். ஒரு வார்த்தை கேட்டால் யாராவது இடம் மாற்றித் தருவார்களே என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். குலுக்கலில் விழுந்த இடம் விழுந்ததுதான் என்று சட்டம் போட்டவரே அவர்தான். அதைத் தானே வளைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா?

ஒரு மாலை டாக்டரும் டீச்சரும் இன்னும் சிலரும் அவனைச் சூழ்ந்து நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். செயலாளரைக் கண்டதும் பேச்சு நின்றது.

அவருக்குப் பொறி தட்டியது. இவன் திருடன் இல்லை, அதைவிட மோசம். குலுக்கலைக் கலைத்து நல்ல இடமாகப் பார்த்து அமுக்கப்போகிறான். அதற்கு ஆள் சேர்க்கிறான்.

முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று அவனுடைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஆள் சரியில்லை, எல்லார் வண்டியையும் நோட்டம் விடுகிறான், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று கொளுத்திப் போட்டார். வெளியூரில் இருந்த வீட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவன் லேப்டாப்போடு வந்து டிவியில் மாட்டினான். திரையில் அவர்களுடைய பார்க்கிங், கூரையைப் பிரித்து எட்டிப் பார்த்ததுபோல் விரிந்தது. ஒவ்வொரு வண்டியும் அதனதன் அளவில், அதனதன் இடத்தில். டீச்சர் தன் ஸ்கூட்டரைக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

அவன் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரு முழம், அரை முழம் நகர்த்தினான். யாருடைய இடமும் போகவில்லை. அங்கங்கே வீணாய்க் கிடந்த சந்துகள் மட்டும் ஒன்றுசேர்ந்து, லிஃப்டை ஒட்டிப் புதிதாக ஓர் இடம் பிறந்தது.

வந்துவிட்டானா விஷயத்துக்கு என்று செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த இடம் யாருக்கு?"

அவன் அங்கே ஒரு காரைக் கொண்டுவந்து வைத்தான். செயலாளரின் கார். கதவு முழுசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி.

டாக்டர்தான் பேசினார். "எல்லா வீட்டிலயும் சரின்னுட்டாங்க சார். முன்னாடியே சொன்னா நீங்க சட்டம் பேசுவீங்கன்னுதான் மறைச்சோம். உங்க சட்டத்தை நீங்க வளைக்க வேண்டாம். நாங்க வளைச்சுக்கறோம்."

எல்லாரும் கலைந்து போகும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்த செயலாளர், ஏதாவது பேசவேண்டுமே என்று கேட்டார்.

"எல்லாருக்கும் இடம் பார்த்தே. உன் பைக்கைக் காணோமே தம்பி?"

அவன் வயரைச் சுருட்டியபடி சொன்னான். "மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் போன் பண்ணினார் சார். அவர்கிட்ட யார் சொன்னதுங்கறதையும் சொன்னார். அதான் அதுக்குள்ள உங்க வீட்டு அம்மாவுக்கு இதை முடிச்சுக் குடுத்துடலாம்னு..."

வாசலில் இன்னும் யாரோ நிற்பதைப் பார்த்ததும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பயப்படாதீங்க சார், இங்க யார்கிட்டயும் நான் சொல்லலை."