மினேகோ சொன்னது

இருபத்து மூன்று பாகங்களாக மினேகோ தான் விரும்பும் பையனிடம் காதலைச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளுக்கான அந்த ஜப்பானிய மங்கா படக்கதைக்காக, மெக்கானிக்கல் விடுதியில் நாங்கள் ஆறு பேர் இரண்டு இன்டர்னல் தேர்வுகளைத் தியாகம் செய்திருந்தோம். கடைசிப் பக்கத்தைப் புரட்டும் பொறுப்பு கபடி அணித் தலைவன் தங்கமாரிக்கு. புரட்டினான். ரயில் நிலையம். அந்தப் பையன் ஒரேயடியாக ஊரைவிட்டுப் போகிறான். இப்போது சொன்னால்தான் உண்டு. மினேகோ வாயைத் திறந்திருக்கிறாள். மேலே வரைந்திருந்த பேச்சு பலூனில் ஓர் எழுத்துகூட இல்லை.

“அச்சுல விட்டுப்போச்சோ?” என்றான் இர்ஃபான்.

“சும்மா இருல. அவ மெதுவாப் பேசுதா,” என்ற தங்கமாரி, தொண்ணூறு கிலோ உடம்பை வளைத்து அந்த பலூனில் காதை வைத்தான். யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். அவன் காது சிவந்துகொண்டே வந்தது.

“சொல்லிட்டாளாடா?” என்றான் இர்ஃபான்.

தங்கமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை அவனிடம் நீட்டினான். மெஸ்ஸில்கூட நிற்காத ஒழுங்கோடு வரிசையில் நின்றோம். கேட்டுவிட்டு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசி ஆளான நான் குனிந்து காதை வைத்தேன். தாளுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மூச்சை இழுத்துக்கொண்டாள்.