இரண்டாவது பேப்பர்

டீத் தட்டில் ஆறு ஸ்பூன்கள் பளபளவென்று கிடந்தன.

அண்ணி கல்யாணமாகி வந்த புதுசு. ஒரு வீட்டில் பேருக்குக்கூட ஒரு ஸ்பூன் இல்லாமல் இருக்குமா என்று பரிதாபப்பட்டு, முந்தின நாள் வேலை விட்டு வரும் வழியில் ஒரு பெட்டியே வாங்கி வந்துவிட்டாள். காலையில் பெருமையாகத் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே மிக முக்கியமாக எதையோ பார்க்க ஆரம்பித்தான். அப்பா டீயைத் தொடவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பேப்பர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து வெளியே போய்விட்டார்.

மிச்சமிருந்த கண்ணெல்லாம் இளைய மகன் சின்னவன் மேல்தான்.

சின்னவன் எலக்ட்ரீஷியன். சில வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்தான். முதுகு சரியாகிவிட்டது, அதற்குக் கொடுத்த வலி மாத்திரைதான் அவனை விடவில்லை. டாக்டர் சீட்டு எழுதுவதை நிறுத்திய பிறகு அவன் எதைத் தேடிப் போனான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் குளியலறையில் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தான். கதவை உடைத்துத் தூக்கினார்கள். பக்கத்தில் ஒரு ஸ்பூன் கிடந்தது.

அவ்வளவுதான், அதில் வைத்துத்தான் போதையைச் சாப்பிட்டிருக்கிறான் என்று அம்மா அந்த ஸ்பூனையே பிடித்துக்கொண்டாள்.

சிகிச்சை நடந்த இடத்தில் டாக்டர் வீட்டாரை உட்காரவைத்துச் சொன்னார். பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் குளிர்கிற ஓர் இடம் மூளையில் இருக்கிறது. போதை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தி எத்தனை நாளானாலும், அதோடு பழகிய ஒரு சத்தமோ வாசனையோ சாமானோ போதும், அந்த இடம் விழித்துக்கொள்ளும். இது திமிர் இல்லை, உடம்பு. எதைச் சாப்பிட்டான் என்று நோண்டாதீர்கள், அவனாகச் சொல்லட்டும்.

அம்மா நேரே வீட்டுக்கு வந்து, இருந்த ஸ்பூனையெல்லாம் வாரி அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அம்மா டீயை ஃபோர்க்கின் காம்பால் கலக்குகிறாள். அண்ணன் ஜாமைக் கத்தியால் வழித்து நக்குகிறான். அப்பாவுக்குச் சட்டைப்பைப் பேனாவின் பின்பக்கம். சின்னவனுக்குத் தெரியாமல் செய்வதாக மூன்று பேருக்கும் நினைப்பு வேறு.

சொல்லப்போனால் அந்த ஸ்பூன் ஒரு பாவமும் அறியாதது. ஸ்க்ரூடிரைவர் எடுக்கச் சோம்பல்பட்டு, ஆடிக்கொண்டிருந்த குழாய்த் திருகை முடுக்க அவன் எடுத்துப் போனது. ஸ்பூனைப் பார்த்தால் அவனுக்கு ஒரு மண்ணும் ஆகாது.

அவனை ஆட்டுவது வேறொன்று. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் கிழியும் அந்த ‘டப்’. மருந்துக்கடை வாசலில் நடக்கும்போது அது காதில் விழுந்தால்கூட இன்றும் வாயில் எச்சில் ஊறும், உள்ளங்கை வேர்த்துக் கொட்டும்.

நல்லவேளை, வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு நடைதான் கொஞ்சம் இழுக்கிறது, மூட்டுவலி விட்டுவிட்டது, மாத்திரைக்கு வேலையில்லை என்று நினைத்திருந்தான்.

என்னை ஆட்டுவது ஸ்பூன் இல்லை என்று சொல்லிவிடலாம்தான். பின்னே எது என்று கேட்பார்களே. அப்பாவின் மூட்டு ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரையை, அவர் வலியில் முனகிக்கொண்டு கிடக்கும்போதே அலமாரியிலிருந்து எடுத்து விழுங்கினேன் என்று எந்த வாயால் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. உடம்பு முறுக்கிப் பிழிந்த சாயங்காலங்களில் அவனைப் பிடித்து நிறுத்தியது எந்த மருந்தும் இல்லை. அடுக்களையில் ஃபோர்க் காம்பு டம்ளரில் இடிக்கிற சத்தம்தான். எனக்காக இப்படிக் கிறுக்குத்தனம் பண்ண மூன்று பேர் இருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோகும். அப்படியே படுத்துத் தூங்கிவிடுவான்.

அண்ணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தப்பு பண்ணிவிட்டோம் என்று மட்டும் புரிந்தது, என்ன தப்பு என்று புரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக வாசலைக் காட்டினாள். பேப்பர்காரன் போட்டுவிட்டுப் போன பேப்பர் அங்கேயே கிடந்தது. அப்பாவின் மூட்டுக்காகத்தான் அண்ணன் அதை வீட்டுக்கே வரவழைத்தான். ஆனாலும் மனுஷர் மழையோ வெயிலோ தெருமுனைக் கடைக்குப் போய் இன்னொன்று வாங்காமல் இருக்கமாட்டார். பிடிவாதம் என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

“பேப்பருக்காகப் போகலை அத்தை. மாமா மூட்டுவலி மாத்திரை அட்டையை அந்தக் கடைக்காரர்கிட்டயே குடுத்து வச்சிருக்கார். நான் ஆபீஸ் வேனுக்கு நிக்கும்போது தினமும் பார்க்கிறேன், அங்கதான் பிரிச்சுப் போட்டுக்கிறார். வீட்லயே வச்சுக்கலாம்ல, பாவம்?”

சின்னவன் வாசலில் கிடந்த பேப்பரைப் பார்த்தான்.

அலமாரியில் மாத்திரை குறைந்ததைக் கவனிக்காத மறதிக்காரர் என்றுதான் அப்பாவை இத்தனை நாள் நினைத்திருந்தான். மனுஷர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் பேனாவால் டீ கலக்கியிருக்கிறார்.

அவன் ஒரு ஸ்பூனை எடுத்தான். அம்மா பதறி எழுந்தாள். அவளைத் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு, அப்பா வைத்துவிட்டுப் போன டீயை நிதானமாகக் கலக்கினான். சர்க்கரை கரையும்வரை கலக்கினான். ஆறாமலிருக்க மேலே ஒரு தட்டை வைத்து மூடினான்.

அப்பா வந்தார். ஸ்பூனைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“ஒரே பேப்பர் ரெண்டு எதுக்குப்பா?”

“ஒண்ணுல விட்டது இன்னொண்ணுல இருக்கும்டா” என்றார் அப்பா, டீயை உறிஞ்சிக்கொண்டே.

சின்னவன் அவர் கையிலிருந்த இரண்டாவது பேப்பரை வாங்கிக்கொண்டான். அவர் காலடியில் உட்கார்ந்து, ஓர் எழுத்து விடாமல் படித்தான்.