நீலப் புள்ளி

"எலே ஜித்தின், நீது எங்கயோ போறா. எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லல்ல."

ரெனில் கைபேசியை நண்பனிடம் நீட்டினான். அவள் இருக்குமிடம் காட்ட, அவனே அவள் போனில் போட்டுவைத்த ஏற்பாடு அது. திரையில் நீதுவின் நீலப் புள்ளி, அவள் வீட்டுப் பின்புற ரப்பர் தோட்டத்துக்குள் கனவில் நடப்பதுபோல் மிதந்துகொண்டிருந்தது.

பதினேழு வயது அவளுக்கு. அம்மா குவைத்தில், சித்தி காலையிலேயே வேலைக்குப் போய்விடுவாள். 'நான் எங்க இருக்கேன்னு கேக்க நீ ஒருத்தன்தான் உண்டு' என்று பழகத் தொடங்கிய முதல் மாதம் அவள் சொன்னது அவனுக்கு இன்னும் இனித்தது. அதனால்தான் தினமும் அவள் வீட்டு முக்கில் வந்து நின்றான். அவள் பஸ்ஸுக்குப் போக வேறு வழியில்லை.

போன வாரம் அவள் போன் எடுக்காததற்குக் கையை முறுக்கினான். வளையல் உடைந்து ரத்தம் வந்தது. பிறகு அவனே அழுதான், பழம்பொரி வாங்கித் தந்தான். இனி ஏமாற்றினால் முகம் இருக்காது என்றும் சொல்லியிருந்தான்.

பைக் கிளம்பியது. மரங்களுக்கிடையே பனி இன்னும் கலையவில்லை. புள்ளி ஒற்றையடிப் பாதைகளில் போக, இவர்கள் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அது இரண்டு நிமிடம் நின்றது. ஒவ்வொரு முறையும் ரெனிலின் மனதில் ஓர் ஆண் முகம் எழுந்தது.

"வீடு வீடா என்னத்துக்குடே? வோட்டு கேக்கவா?" என்றான் ஜித்தின். ரெனில் சிரிக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் அழைத்தான். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை.

இஞ்சிவிளை தாண்டி, மாநில எல்லைக்கு அப்பால், ஓர் அயனி மரத்தடியில் புள்ளி அசையாமல் நின்றது. ரெனில் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினான்.

நீது இல்லை. வீடுகளுக்கு மீன் கொண்டுபோகும் லில்லிக்குட்டி, அலுமினியச் சருவத்தை இறக்கிவைத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மீண்டும் அழைத்தான். சாளை மீனுக்கு அடியில் ஏதோ அதிர்ந்தது.

ஐஸுக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் பைக்குள் கட்டியிருந்த நீதுவின் போனை அவள் வெளியே எடுத்தாள்.

"நாப்பது தடவை அடிச்சாச்சு மக்கா நீ. செத்த சாளையெல்லாம் துடிக்குது."

"அவ எங்க?"

"உடைஞ்ச வளையலைப் பொதிஞ்சு எடுத்துக்கிட்டு வனிதா ஸ்டேஷனுக்கு, பொம்பளப் போலீஸ்கிட்ட போயாச்சு. நீ அந்த முக்குல நிக்காத ஒரு மணிக்கூர் வேணும்னு கேட்டா. அதுக்காக்கும் நான் இவ்வளவு தூரம் நடந்தது."