முப்பத்தெட்டு

தூத்துக்குடியில் மருந்துக்கடை வைத்திருந்த செண்பகவடிவை, கடைக்குள் புகுந்த ஒருவன் கழுத்தில் வெட்டி இரண்டு வருடமாகிறது. வெட்டுப்பட்டவரின் பயம் நாற்பதுக்குக் கீழே இறங்கும்வரை வெட்டியவன் சிறையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதனால் அவள் மாதம் ஒருமுறை அரசு நிலையத்துக்குப் போய், கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு பயத்தை அளந்து கொடுத்து வந்தாள்.

முன்பெல்லாம் கடை வாசலில் நிழல் தட்டினாலே அவள் கை கழுத்தைப் பொத்திக்கொள்ளும். போன வாரம் தங்கை கல்யாணத்தில்தான் தழும்பை மறைக்காமல் நின்று வாய்விட்டுச் சிரித்திருந்தாள்.

"முப்பத்தெட்டுக்கா! தேறிட்டீய," என்றாள் அளவெடுக்கும் ரெஜினா, சந்தோஷமாக.

"அப்பம் அவன்?"

"வியாழக்கிழமை வெளிய வாரான்."

"அவன் உள்ள கெடக்காங்கிற தைரியத்துலதானே நான் சிரிச்சேன்!"

கத்தும்போதே கட்டியிருந்த பட்டையில் எண் மளமளவென்று ஏறித் தொண்ணூற்றொன்றில் நின்றது.

"இந்தா, இதைப் பாரு! இதை எழுது!"

ரெஜினா பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "இந்த மாச அளவு கோர்ட்டுக்குப் போயாச்சுக்கா. இனிமே அடுத்த மாசந்தான்."

"அதுவரைக்கும் நான் உசுரோட இருக்கணும்லா?"

ரெஜினா பட்டையை அவிழ்த்தாள்.

செண்பகவடிவு எழுந்தாள். அடுத்து அளக்கக் காத்திருந்த பெண்ணுக்கு முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. அவள் காதருகே குனிந்து, "சிரிச்சுகிரிச்சு வச்சிராதீய, தாயி," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.