வாசலை மறித்த வண்டி

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'இந்தக் கார் என் வாசலை மறிக்குது'ன்னு. மிச்சத்தை இவங்க பாத்துக்குவாங்க."

செயலாளர் பெருமிதத்தோடு இழுவை வண்டியைக் காட்டினார். கொக்கியும் சங்கிலியுமாக அது தயாராக நின்றது. பக்கத்தில் போக்குவரத்துக் காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

செயலாளர் அந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறே மாதம்தான். வந்த வேகத்தில் குடியிருப்போர் சங்கத்தை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். தெருக்கோடியில் ஆறு. கரையில் பூங்கா, படகு, ஊஞ்சல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஊரே அங்கேதான். வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள்? தெருவின் இரண்டு பக்கமும் நிறுத்துவார்கள், நடைபாதையில் ஏற்றுவார்கள், விட்டால் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவார்கள்!

எல்லாரையும்விடப் பெரிய அவஸ்தை கடைசி வீட்டுப் பட்டறைக்காரருக்கு. லேத்துப் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். குரலும் இரும்பைக் கடைகிற மாதிரி கரகரவென்றிருக்கும். வாரம் தவறாமல் ஒரு வெள்ளைக் கார் அவர் வீட்டுக் கேட்டுக்கு நேர் குறுக்கே வந்து நிற்கும். போன வாரம் ஏதோ விசேஷத்துக்கு உடுத்திக் கிளம்பிய புருஷனும் பெண்டாட்டியும், அந்தக் கார் போகிறவரைக்கும் மாடியிலேயே நின்றார்கள். விசேஷமே முடிந்திருக்கும். பார்த்துக்கொண்டிருந்த செயலாளருக்கு மனசு கேட்கவில்லை. காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்து, இன்றைக்குத்தான் இழுவை வண்டியைக் கையோடு கூட்டிவந்திருந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க சார். வீட்டுக்காரர் சொல்லாம நாங்க வண்டியைத் தொட முடியாது" என்றார் காவலர்.

பட்டறைக்காரர் ஆளில்லாமல் நின்ற காரைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார்.

"கார் இருந்துட்டுப் போகட்டும். நீங்க கிளம்புங்க."

செயலாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னண்ணே சொல்றீங்க? காலையில ஒரு ஸ்கூட்டர்காரன் சும்மா நிறுத்திட்டு செருப்பை மாட்டினான். அதுக்கே 'இது என்ன உன் மாமனார் வீட்டு இடமா'ன்னு தெரு அதிர்ற மாதிரி கத்தினீங்களே!"

"கத்தினேன். அவன் வேற."

"அப்ப இந்தக் கார்க்காரன் மட்டும் உசத்தியா? யாருண்ணே அவன்?"

"யாரா இருந்தா உங்களுக்கு என்ன தம்பி? கேட் என்னுது. மறிச்சா கஷ்டம் எனக்கு. உங்களுக்கு எங்க வலிக்குது?"

ஜன்னலுக்குப் பின்னால் அவர் மனைவி கையைப் பிசைந்தபடி நின்றிருந்தார்.

"ஒரு மணி நேரம்தான் தம்பி. அதுவா போயிடும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள்.

"விளையாடறீங்களா சார்? இனிமே எங்களைக் கூப்பிடாதீங்க" என்று காவலர் செயலாளர் மேல் எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினார். கொக்கியும் சங்கிலியும் வெறுங்கையோடு திரும்பிப் போயின.

அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "அதை விடுங்க சார்" என்று நழுவினார்கள். செயலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. யாரோ ரவுடிப் பயல் மிரட்டி வைத்திருக்கிறான். பாவம், வயதானவர்கள், பயந்து சாகிறார்கள். இருக்கட்டும், அடுத்த வாரம் அவனா நானா என்று பார்த்துவிடலாம்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்தே மழை கொட்டித் தீர்த்தது. பூங்காவைப் பூட்டிவிட்டார்கள். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. இன்றைக்காவது அந்த வீட்டுக்கு விடுதலை என்று செயலாளர் நினைத்து முடிக்கவில்லை, அந்த வெள்ளைக் கார் வந்தது. காலியான தெருவில் நிதானமாக ஊர்ந்து, அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு, நேராக அதே கேட்டுக்குக் குறுக்கே போய் நின்றது.

செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. என்ன திமிர்! குடையை விரித்துக்கொண்டு ஓடினார். மாடியில் பட்டறைக்காரரும் மனைவியும் சாரலில் நனைந்துகொண்டு அசையாமல் நின்றிருந்தார்கள்.

காருக்குள் ஒரு வாட்டசாட்டமான இளைஞன். மடியில் ஒரு பெண் குழந்தை. அது கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மேலே பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது.

செயலாளர் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்ப்பா, மனசாட்சி இருக்கா உனக்கு? பூங்கா பூட்டியாச்சு. தெருவே காலியாக் கிடக்கு. நிறுத்த உனக்கு இந்தப் பெரியவங்க வாசல்தான் கிடைச்சுதா? எவ்வளவு நாளா இவங்களை மிரட்டிட்டு இருக்கே?"

கண்ணாடி இறங்கியது. இளைஞனின் கண்கள் கலங்கியிருந்தன. அவன் வாயைத் திறந்ததும் செயலாளருக்குத் திக்கென்றது. அச்சு அசல் அதே கரகரத்த குரல்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து நின்னப்போ, 'இனிமே என் வாசப்படியை மிதிக்காதே'ன்னு அப்பா சொன்னாரு சார். வாசல்ல வண்டி நிறுத்தக் கூடாதுன்னு சொல்லலையே!"