மீட்டிங் வந்தால் நெட் போகும்

"லைன்ல ஒரு குறையும் இல்ல சார்."

"அப்ப என் தலையெழுத்துலயா குறை?"

நெட் இணைப்பைச் சரிபார்க்க வந்த லைன்மேன் மோடத்தைக் கையில் எடுத்தார். வயரைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி செருகினார். மோடத்தில் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்தது.

கத்தியவருக்கு ஆபீஸில் 'கடுகு' என்று பேர். கொஞ்சம் சூடு பட்டால் போதும், பொரிந்துவிடுவார். அப்படிப் பொரிந்தே இரண்டு வேலைகளைத் தொலைத்தவர். இப்போது வீட்டிலிருந்தபடி பார்ப்பது மூன்றாவது. இதுவும் போனால் இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று அவருக்கே பயம் உண்டு. பயம் இருந்து என்ன, வாய் கேட்க வேண்டாமா?

"எப்ப சார் கட் ஆகுது?" லைன்மேன் கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க? என் பொண்ணு படம் பார்த்தா கட் ஆகாது. என் வீட்டுக்காரி அவ அக்காகிட்ட வீடியோல மணிக்கணக்கா ஊர்க்கதை பேசினா கட் ஆகாது. நான் மீட்டிங்ல உக்காந்து, அந்த மேனேஜரை நறுக்குனு நாலு கேள்வி கேக்கலாம்னு வாயைத் திறந்தா மட்டும் பொட்டுனு போயிடுது!"

"எத்தனை நாளா?"

"ஆபீஸ் குடும்ப விழாவுக்குப் போயிட்டு வந்ததுலருந்து. எவன் கண்ணு பட்டுச்சோ! எங்க மேனேஜர் வீட்டுலயும் உங்க கம்பெனி கனெக்‌ஷன்தான். அவரும் கத்திக்கிட்டே இருப்பாரு, திடீர்னு காணாம போயிடுவாரு. உங்க லட்சணம் ஊருக்கே தெரியும்!"

லைன்மேன் சுவிட்ச் போர்டைக் குனிந்து பார்த்தார். மோடத்தின் சுவிட்சில் மட்டும் மாவு ஒட்டியிருந்தது.

மெல்லத் திரும்பினார். சமையலறை வாசலில் வீட்டம்மா மாவுக் கையோடு நின்றிருந்தார். 'சொல்லிடாதீங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

லைன்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மோடம் கொஞ்சம் பழசு சார். அதிர்ச்சி தாங்காது. அப்பப்ப இப்படித்தான் மக்கர் பண்ணும். பழகிக்குங்க." பையைத் தோளில் மாட்டியவர், கடுகு மறுபடி பொரிவதற்குள் படி இறங்கிவிட்டார்.

மறுநாள் மீட்டிங்.

கடுகு படுக்கையறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் மேனேஜர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இந்த ரிப்போர்ட்டை யார் தயார் பண்ணது? தூக்கத்துல எழுதினீங்களா?"

ஒரு வாரமாக முதுகொடிய உட்கார்ந்து எழுதிய ரிப்போர்ட். கடுகுக்கு ஜிவ்வென்று ஏறியது.

"இங்க பாருங்க சார், ஆபீஸ்ல தூங்கறது யாருன்னு நான் சொல்லட்டுமா? போன மாசம்..."

போயிற்று. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

வழக்கமாக இந்த இடத்தில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்துவார். இன்று அந்த மோடத்தையே இரண்டு போடுவது என்று ஹாலுக்குப் பாய்ந்தார்.

சுவிட்சில் மனைவியின் கை. கையெல்லாம் மாவு.

"நீயா?"

"நான்தான்."

"அடிப்பாவி! என் பொழப்புலயே மண்ணைப் போடப் பாத்தியே!"

"போடலைங்க, காப்பாத்திக்கிட்டு இருக்கேன். முதல் வேலை எதால போச்சு? உங்க வாயால. ரெண்டாவது? அதே வாயால. நீங்க பேசறது அடுப்படி வரைக்கும் கேக்குது. 'இங்க பாருங்க சார்'னு ஆரம்பிச்சீங்கன்னா, நான் கையைக்கூடக் கழுவாம ஓடி வரேன். ஒருநாள் கால் இடறி விழுந்தே போனேன், தெரியுமா?"

கடுகு அந்த மாவுக் கையைப் பார்த்தார். இந்த வேலை மட்டும் எப்படி இத்தனை நாள் நிலைத்தது என்று அவரே ஆச்சரியப்பட்டதுண்டு. தனக்குப் பொறுமை வந்துவிட்டது என்று தங்கச்சி வீட்டில் போய் பெருமை வேறு அடித்துக்கொண்டார். இப்போது வெட்கமாக இருந்தது. மனைவி மேல் ரொம்பப் பிரியமாகவும் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"சுவிட்சைப் போடு," என்றார். "சாரி கேட்டுட்டு வரேன்."

நம்பிக்கை இல்லாமல் மனைவியும் கூடவே வந்து லேப்டாப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"சாரி சார். நெட் போயிடுச்சு. நான் ஏதாவது தப்பா..."

மேனேஜர் கேட்கிற நிலையில் இல்லை. முகம் சிவந்து, விரலை நீட்டிக்கொண்டு எழுந்தே விட்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இதே சாக்கு? யாரு தூங்கறாங்கன்னா சொல்லப் போறீங்க? போதும்! நாளையிலருந்து நீங்க வேலைக்கே..."

அப்படியே நின்றுவிட்டார். திறந்த வாய் மூடவில்லை, நீட்டிய விரல் மடங்கவில்லை. அந்தப் பக்கம் நெட் போய், படம் உறைந்துவிட்டது.

கடுகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். மேனேஜரின் முதுகுக்குப் பின்னால், சுவர் ஓரத்தில், வளையல் போட்ட கை ஒன்று சுவிட்ச் போர்டின் மேல் இருந்தது.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?" மனைவி கையிலிருந்த மாவைத் துடைத்தபடி சிரித்தார். "அன்னிக்கு விழாவுல இந்த வைத்தியத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான்!"